அலுமாரிக்கு இத்தா இல்லை

என் கணவர் மௌத்தானபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. சுபஹுத் தொழுகை முடித்து வந்தவர், தேத்தண்ணி கேட்டுவிட்டு முன் மண்டபத்துக் கதிரையில் இருந்தார். குசினியிலிருந்து நான் கோப்பையோடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அஸர்த் தொழுகைக்கு முன்பே அடக்கமும் முடிந்தது. அன்று பின்னேரம் உம்மா ஒரு வெள்ளைச் சாரியைக் கொண்டுவந்து என்னை உடுக்கச் சொன்னார். பிறகு தென்பக்கத்து அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினார்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் இத்தா. நகை, வாசனை, நிறச் சாரி எதுவும் கிடையாது. அந்நிய ஆண்கள் பார்வையில் படக்கூடாது. இதைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. என் உம்மா இருந்தார், என் மாமி இருந்தார், நானும் இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் காத்தான்குடியில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பவை. அந்த அறைக்கு ஒரே யன்னல். திறந்தால் பக்கத்து வீட்டு மதில். கையை நீட்டினால் தொடலாம். மதிலில் பாசி, ஒரு தண்ணீர்க் குழாய், சில நேரம் ஒரு பூனை. பின்வளவுக்காவது போகலாம் என்றால், பின்வீட்டுக்காரர் அந்த மாதம்தான் மேல்மாடி கட்டத் தொடங்கியிருந்தார். சாரத்தில் நிற்கும் மேசன்மாருக்கு எங்கள் கிணற்றடி, துணிக்கொடி எல்லாம் தெரியும். விடிந்ததிலிருந்து வேலை முடியும்வரை பின்கதவையும் சாத்திவைத்தோம். மண்டபத்துக்கு அவருடைய சகோதரர்கள் வந்து போவார்கள்; அவர்கள் கண்ணிலும் நான் படக்கூடாது. மிஞ்சியது அந்த அறையும் குசினியும் இடையிலிருந்த ஓடை என்கிற நடைவழியும்தான்.

முதல் நாற்பது நாள் பெண்கள் வந்தபடி இருந்தார்கள். கட்டிலில் என் பக்கத்தில் இருந்து அழுதார்கள், பிறகு பேசினார்கள், பிறகு தங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள். நாற்பது முடிந்ததும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் வகுப்பு. உம்மா குசினியில். நானும் அந்த அலுமாரியும் அறையில்.

அந்த அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதிரை மரம். இரண்டு கதவு, கீழே இரண்டு இழுப்பு லாச்சி. வருஷா வருஷம் பொலிஷ் அடித்து அடித்துக் கரியைப் போலக் கறுத்திருந்தது. என் மாமியுடையது. மாமி மௌத்தான பிறகு அவருடைய வீட்டை மகள், அதாவது என் கணவரின் தங்கச்சி, இடித்துக் கட்டினாள். புதிய வீட்டில் இதற்கு இடமில்லை என்றாள். அந்த வருஷம்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த என் கணவர் அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அறைக்குள் அது நுழைந்தபோது யன்னலடியில் இருந்த என் தையல் மேசை வெளியே போனது. பின் விறாந்தையில் வைத்தோம். அந்த வருஷத்து மாரியில் அது ஊறி, பலகை பிரிந்து, விறகாகிவிட்டது.

கலியாணத்துக்கு முன்பே நான் துணிகளில் பூவேலை செய்கிறவள். அவர் சவூதியில் வாகனம் ஓடிய பதினொரு வருஷமும் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவள் நான்தான். திரும்பி வந்த பிறகு ஆறு வருஷம் அவர் வீட்டில் இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் கதிரை இருக்கும் இடத்திலிருந்து மேசைவிரிப்பின் நிறம்வரை அவர் சொன்னபடிதான். அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்துவோமா என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். "அது எங்கட உம்மாட சாமான். கிடக்கட்டும்" என்றார். மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் அவருடைய உடுப்புகளை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தோம். அலுமாரி வெறுமையானது. கட்டிலில் இருந்தால் அது நேரே எதிரில். படுத்தாலும் அதுதான், தொழுது முடித்து ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினாலும் அதுதான் வலப்பக்கத்தில். இரண்டு கறுப்புக் கதவுகள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். ஒரு நாள் உம்மாவிடம் சொன்னேன், "இதப் பாத்துப் பாத்து எனக்கு மூச்சு முட்டுது உம்மா."

"நீ பாக்காதயேன் புள்ள" என்றார் உம்மா.

வேறு எதைப் பார்ப்பது? அன்று தஸ்பீஹ் மணியை வைத்துவிட்டு எழுந்து போய், விரல் நகத்தால் கதவின் ஓரத்தைச் சுரண்டினேன். பொலிஷ் சின்னச் சுருளாகக் கழன்று வந்தது. அடியில் மரம் மஞ்சளாக இருந்தது. இவ்வளவு வெளிச்சமான மரமா இது என்று ஆச்சரியப்பட்டேன். லுஹர் பாங்கு சொல்லும்வரை சுரண்டிக்கொண்டே நின்றேன்.

மகள் வந்து பார்த்தாள். ஏசவில்லை. கைபேசியில் ஒரு வீடியோவைத் தேடிக் காட்டினாள். எந்த நாட்டுப் பெண்ணோ, வாகனக் கொட்டிலில் நின்று ஒரு பழைய மேசைக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டில் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியின் தூளைக் கலந்தால் மரத்தில் நன்றாகப் பிடிக்குமாம், மினுக்கம் இல்லாமல் மாவு போலக் காயுமாம். காய்ந்ததும் மெழுகு தேய்க்க வேண்டுமாம்.

"எங்கட ஊட்டயும் பெயின்ட் இரிக்கிதானே உம்மா. வாப்பா மிச்சம் வெச்ச" என்றாள் மகள்.

இருந்தது. மண்டபத்துக்கு அடித்த கடல் நிறம், தகர வாளியில் கால்வாசி. மேலே தோல் கட்டியிருந்தது. கிழித்தால் அடியில் நல்ல பெயின்ட். மகள் கடையிலிருந்து வெண்கட்டிப் பெட்டிகளும் மரம் உரஞ்ச மண்கடதாசியும் ஒரு தூரிகையும் வாங்கிவந்தாள். வெண்கட்டியை நான் குசினியில் உரலில் போட்டு இடித்து மாவரியில் அரித்தேன். உம்மா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஆக்கள் கேட்டா என்ன சொல்ற?" என்றார்.

"அலுமாரி துப்புரவாக்கிறண்டு சொல்லுங்க."

மூன்று நாள் உரஞ்சினேன். யன்னலைத் திறந்துவைத்தும் தூசு வெளியே போகவில்லை. மதிலில் மோதி உள்ளேயே திரும்பி வந்தது. வெள்ளைச் சாரி தவிட்டு நிறமானது. முக்காட்டுத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது நாளாக என் உடம்பு கட்டிலில் ஒரு மூட்டையாகக் கிடந்தது. இப்போது அதற்கு ஒரு காரணத்தோடு வலித்தது.

முதல் பூச்சுப் பூசிய அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கடல் நிறத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் கறை ஊறி வந்திருந்தது. பழைய பொலிஷ் அடியிலிருந்து கசிந்திருக்கிறது. திரும்பப் பூசினேன், திரும்ப வந்தது. நான்காம் தரம் பூசியபோதுதான் அடங்கியது.

ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் பிடிக்கவே இல்லை. வலது கதவில் கைப்பிடிக்குச் சற்று மேலே, என் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அளவில். தூரிகையை இழுத்ததும் பெயின்ட் விலகி ஓடியது, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விலகுவதுபோல. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அந்தக் கையாலேயே கதவை அழுத்தித் திறப்பார். ஆறு வருஷம், ஒவ்வொரு நாளும், ஒரே இடத்தில்.

சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. சோடா போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எனக்குக் கோபம் ஏறியது. வாய்விட்டே சொன்னேன்: "உடுங்களேன். இப்பயாவது உடுங்களேன்." சொன்ன பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் போன அன்று பெண்கள் எல்லோரும் அழுதபோது நானும் அழுதேன். ஆனால் அது அவர்களோடு சேர்ந்து அழுதது. அன்றைக்குத்தான் தனியாக அழுதேன். அவர் இல்லை என்று அழுதேனா, அவர் போன பிறகும் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறேனே என்று அழுதேனா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் மௌத்தான அந்த நாளிலேயே, துக்கத்துக்கு அடியில், இனி யன்னலடி எனக்கு என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்ததும் உண்மை. அந்த நினைப்புக்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் பிழைபொறுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

உம்மா ஓடையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே, "சோத்துக் கஞ்சித் தண்ணியால தேச்சிப் பாரு. சட்டி எண்ண அதுக்குத்தான் போற" என்றார். கஞ்சித் தண்ணீருக்கும் அது முழுவதும் போகவில்லை. மண்கடதாசியால் மரம் பள்ளம் விழும்வரை உரஞ்சிய பிறகுதான் பெயின்ட் பிடித்தது. அந்த இடத்தில் கதவு இன்றும் கொஞ்சம் குழிந்துதான் இருக்கிறது.

பூவேலை வரைய அச்சு வேண்டும். தடித்த பிளாஸ்டிக் தாளில் வெட்டலாம் என்றாள் மகள். கட்டிலுக்கு அடியில் அவருடைய மருத்துவக் கடதாசிகளுக்குள் ஓர் எக்ஸ்ரே படம் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விலா எலும்புகள் தெரிந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு நிழல். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். மகளின் பழைய பாடசாலைக் கோப்பு உறை ஒன்றை எடுத்து அதில் கொடியும் இலையும் மொட்டும் வெட்டினேன். கதவு இரண்டிலும் கீழிருந்து மேலாக வெள்ளைக் கொடி ஏறியது.

இனி மெழுகு. எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வாகரைப் பக்கமிருந்து ஓர் அக்கா தேனும் கருவாடும் கொண்டுவருவார். தலையில் கூடை, கையில் ஒரு பை. முந்தின முறை வந்தபோது உம்மா அவரிடம் தேன்மெழுகு கேட்டிருந்தார். தட்டாருக்குக் கொடுப்பதில் ஒரு கட்டியை எனக்கென்று எடுத்துவந்தார். குசினிக்குள் வந்து நிலத்தில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தின நாளாச்சு புள்ள இப்பிடி உள்ளுக்கு இருக்கிற?"

"எழுவத்தெட்டு நாள் அக்கா."

"இன்னும்?"

"அம்பத்திரெண்டு."

அவர் கூடைச் சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்தார். "என்ட மனிசன் கடலோட போய் எட்டாம் நாள் நான் கூடையத் தூக்கிட்டன்கா. மூணு புள்ளயள். குந்தியிருந்து அழ எனக்கொரு நாள் கிடைக்கல்ல. உங்கட ஆக்கள் உங்கள இருக்கச் சொல்றாங்க. என்ன ஒருத்தரும் இருக்கச் சொல்லல்ல."

"எனக்கு உங்களப் போல நடக்கோணும் போல இரிக்கி அக்கா" என்றேன்.

"நடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அறைவாசலுக்கு வந்து அலுமாரியைப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி. மெழுக முதல்ல தண்ணில போட்டு உருக்கி எடு. மறுகாத்தான் எண்ண சேக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் போன பிறகும், அவர் சொன்னதும் நான் சொன்னதும் காதுக்குள் நின்றன. நான் இருப்பது அவருக்குக் கிடைக்காத ஒன்று. அதை அறிந்துகொண்டதால் அறை ஒரு சாணும் பெரிதாகவில்லை.

அவர் சொன்ன முதல் வேலையை நான் மறந்துவிட்டேன். மெழுகைப் பால்மாத் தகரத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்கி, தேங்காய் எண்ணெய் கலந்து பூசினேன். அடுத்த நாள் விடிய உம்மா கூப்பிட்டார். யன்னலிலிருந்து அலுமாரி வரைக்கும் சிற்றெறும்பு வரிசை. மெழுகில் தேன் ஒட்டியிருந்திருக்கிறது. கதவு முழுக்கக் கையில் பிசுபிசுத்தது. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் வந்தது, சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், அதற்குள் சிரித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் துடைத்து, மெழுகைத் தண்ணீரில் உருக்கி ஆறவைத்து, மேலே மிதந்த வட்டத்தை மட்டும் எடுத்து, டர்பன்டைன் சேர்த்துத் திரும்பச் செய்தேன். துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் விட்டு, வேறு துணியால் துடைக்க வேண்டும். நிறம் ஆழமானது. தொட்டால் கன்றின் காது போல இருந்தது.

ஆனால் அறை முழுக்க வாசம். டர்பன்டைன் மணம் இரண்டு நாளில் போய்விட்டது, தேன்மெழுகின் மணம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ராத்தா என்னைப் பார்க்க வந்து மூக்கை உறிஞ்சினார். "என்ன புள்ள அத்தர் பூசின மாதிரி மணக்குது? இத்தாவில வாசம் கூடாதே."

உம்மா பயந்துபோனார். மௌலவியின் மனைவி உம்மாவுக்குத் தெரிந்தவர். அவருக்குக் கைபேசியில் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அவர் உள்ளே போய்க் கணவரிடம் கேட்டுவிட்டு வந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அந்தப் புள்ள ஒடம்பிலயா பூசியிரிக்கி எண்டு கேக்காரு."

"இல்ல, அலுமாரியில."

பிறகு மௌலவியின் குரலே தூரத்தில் கேட்டது: "அலுமாரிக்கு இத்தா இல்லண்டு சொல்லுங்க."

உம்மா கைபேசியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தொழப் போனார். நான் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மரச் சாமானைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

நூறு நாள் ஆகியிருக்கும், அவருடைய தங்கச்சி வந்தாள். மகளுக்குப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். அறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன மதினி இது?"

நான் கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன்.

"எங்கட உம்மாட அலுமாரி. என்னத்தப் பூசி வெச்சிரிக்கிறீங்க? காக்கா இரிந்தா இத உட்டிரிப்பாங்களா?"

அண்ணனைத்தான் அவள் காக்கா என்பாள். "உட்டிரிக்க மாட்டாங்க" என்றேன்.

"அவங்க மௌத்தாகி நாலு மாசம் ஆகல்ல."

எனக்குள் என்ன ஏறியதோ தெரியவில்லை. "ஒங்கட ஊட்டில வெக்க எடமில்லண்டுதானே இது இஞ்ச வந்த? பொழுது விடிஞ்சா இதுர மொகத்திலதானே நான் முழிக்கன். ஒங்களுக்குப் பாக்கத் தேவல்ல" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கிப்போனது. எதிர்த்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் அலுமாரியிடம் போய் விரலால் கொடியைத் தடவினாள். பிறகு கதவைத் திறந்தாள். உட்புறத்தை நான் இன்னும் தொடவில்லை. அடுத்த நாள் உரஞ்சலாம் என்று மண்கடதாசியைக்கூட உள்தட்டில் வைத்திருந்தேன். அவள் தலையை உள்ளே விட்டாள். தோள்வரை உள்ளே போய் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

வெளியே வந்தபோது முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ளுக்கு உம்மாட வாசம் இன்னும் இரிக்கி. கற்பூரமும் வெத்திலயும்" என்றாள். "நான்தான் எடமில்லண்டு சொன்ன. சொன்ன அண்டைக்கே காக்கா ஏத்திட்டுப் போயிட்டாங்க. மறுகா எப்பிடிக் கேக்கிற?"

நானும் அவளும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"வேணுமெண்டா எடுத்துட்டுப் போங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இஞ்சயே இரிக்கட்டும். உள்ளுக்கு மட்டும் பூசாதீங்க மதினி."

நான் பூசவில்லை. அவள் இப்போதும் வந்தால் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அதன் பிறகு முப்பது நாள் இருந்தது. அதுதான் ஆக நீளமான முப்பது நாள். கைக்கு வேலை இல்லை. அலுமாரி அழகாக நின்றது, நான் அதே கட்டிலில் இருந்தேன். நிறம் மாறினால் அறை மாறிவிடும் என்று எங்கேயோ நம்பியிருக்கிறேன் போல. மாறவில்லை. இரண்டு கிழமையில் அந்தக் கடல் நிறமும் கண்ணுக்குப் பழகிப்போய், பார்க்காமல் பார்க்கிற ஒன்றாகிவிட்டது. மெழுகுத் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பேன். மேசன்மார் மேல்மாடிக்குக் கூரை போடுகிற சத்தம் கேட்கும். அவர்களுடைய வேலை முடியுமா, என்னுடைய நாள் முடியுமா என்று எண்ணிக்கொண்டிருப்பேன். என்னுடையதுதான் முந்தியது.

முடிந்த அன்று குளித்து, நீலச் சாரி உடுத்தினேன். பெண்கள் சிலர் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். பின்னேரம் மகள், "எங்க போவம் உம்மா?" என்று கேட்டாள். நூற்றுமுப்பது நாளும் எத்தனையோ இடங்களுக்கு மனதில் போயிருந்தேன். கேட்டதும் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆத்தங்கரைக்கு" என்றேன். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம்.

அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசல் படலையைக் கடந்தேன். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று பக்கத்தால் போனதற்கே மதிலோடு ஒட்டிக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் நான் அவளைப் பிடித்துக்கொண்டு போன அதே ஒழுங்கைதான்.

கரைக்கு வந்ததும் தண்ணீர். அக்கரையில் வயல்களும் தென்னைகளும் மங்கலாக ஒரு கோடு. நடுவில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசினார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. கண் அந்தத் தூரத்துக்குப் போகமாட்டேன் என்றது. போன வழியிலேயே கலங்கி, தண்ணீர் வழிந்தது. நாலு மாதமும் என் கண் மதிலுக்கு அப்பால் போனதில்லை.

"அழுறீங்களா உம்மா?"

"இல்ல மகள். தூரமா இரிக்கி."

அவள் சிரித்தாள். கரைக் கல்லுக்கட்டின் மேல் இருந்தோம். காற்று முக்காட்டை இழுத்தது. போகலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன். வந்து கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. மஃரிப் பாங்குக்கு முன்பே வீட்டுக்கு வந்து, அறைக்குள் போய், கட்டிலில் இருந்த பிறகுதான் நெஞ்சு படபடப்பு அடங்கியது. அதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அடுத்த நாளும் போனோம். கொஞ்சம் கூட நேரம் இருந்தோம். மூன்றாம் நாள் மகளுக்கு வகுப்பு இருந்தது. உம்மா வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். தோணிக்காரர் அன்றும் நின்றார். அவருடைய வலை விரிந்து தண்ணீரில் விழுவதைத் தெளிவாகப் பார்த்தேன்.